மிதித்த கரை

மாரியம்மாள் நாலாவது உப்புப் பாத்தியின் வரப்பில் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டாள். அடியில் உப்புக் குருணை தட்டுப்பட்டது. நெருடிப் பார்த்தாள். பிறகு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு அடங்கி உப்பு மட்டும் தனியாக நின்றது.

"இன்னாடி சொல்லுது?" என்று பக்கத்துப் பாத்தியிலிருந்து சவரியம்மாள் கேட்டாள்.

"வியாழக்கெழம வாரலாம் பெரியம்மா. நம்பள மாதிரியே வெளுப்பா வரும்."

"நம்ப வெளுப்பு ஊருக்கே தெரியுமே" என்று சவரியம்மாள் வெயிலில் கறுத்த கையைத் தூக்கிக் காட்டினாள். வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

பதினோரு பேர் கொண்ட செட்டு அது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் இந்த நாலு பாத்திக்குள் இறங்கியவர்கள், நாற்பது நாள் அடிக் களிமண்ணை மிதித்தார்கள். முதல் நாள் முழங்கால் வரை புதையும். கடைசி நாள் குதிகாலை ஓங்கி வைத்தாலும் தடம் விழாது. அந்த இறுக்கம் வந்தால்தான் பாத்தி தண்ணீரை உறிஞ்சாது, உப்பில் மண் ஏறாது. மரக்காணம் உப்பளத்தில் எத்தனையோ செட்டு மிதிக்கிறது. ஆனால் மாரியம்மா செட்டு மிதித்த பாத்தி என்றால் அதற்குத் தனிப் பேர். மேஸ்திரி அசோகன் மற்ற செட்டுக்காரர்களைத் திட்டும்போது, "அங்க போயி ஒரு தபா பாத்துட்டு வாங்க, காலா அது, ரோடு ரோலரு" என்பான். மாரியம்மாள் அதைக் கேட்காத மாதிரி நடந்துபோவாள். காது மட்டும் அந்தப் பக்கமே இருக்கும்.

அவளுடைய இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்னால் உப்பு வாரும் பலகை விளிம்பு வெட்டி, உப்புத் தண்ணீரில் புண் ஆறாமல் போய், ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நாலு விரலோடுதான் அதற்குப் பிறகு எட்டு வருடமும் மிதித்திருக்கிறாள்.

வியாழக்கிழமைக்காகத்தான் பதினோரு பேரும் காத்திருந்தார்கள். முதல் வாரலில் வரும் முதல் உப்பு முதலாளியின் அம்பாரத்துக்குப் போகாது. ஆளுக்கு ஒரு கைப்பிடி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு கூடை தனியாக எடுத்து, பாதியை மாரியம்மன் கோயிலுக்கும் பாதியை அந்தோணியார் கோயிலுக்கும் கொடுப்பார்கள். அந்த ஒரு கைப்பிடி வீட்டு உப்புப் பானைக்குள் விழுந்தால்தான் அவர்களுக்கு வருசம் தொடங்கும். இந்த வழக்கத்தில் எந்த முதலாளியும் இதுவரை கை வைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். தூக்குச் சட்டியைத் திறந்து மேரிசெல்வி எல்லோருக்கும் ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நாலு பாத்தியிலும் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்து வரப்பில் மோதியது.

"டேங்கு கம்பெனி!" என்று யாரோ கத்தினார்கள்.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை அழித்துக் கட்டியிருந்த டீசல் கிடங்குக்கு ஊரில் அதுதான் பேர். வெள்ளை வெள்ளையாக ஏழு டேங்க். அதில் ஒன்றின் மூடி இப்போது இல்லை. அங்கிருந்து கறுப்புப் புகை குபுகுபுவென்று ஏறி, வானத்தில் பாதியை மறைத்தது. கொஞ்ச நேரத்தில் புகைக்கு அடியில் சிவப்பாகத் தெரிந்தது. சூடு முகத்தில் வந்து தட்டியது.

கீழண்டை ரோட்டில் பஞ்சாயத்து ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டே போனது. யாரும் வீட்டில் இருக்க வேண்டாம், ஈசிஆர் ரோட்டுக்கு மேற்கே போய்விடுங்கள் என்றது. அவர்கள் குடியிருந்த காலனியிலிருந்து ஜனம் மூட்டையும் பிள்ளையுமாக வெளியே வருவது உப்பளத்திலிருந்தே தெரிந்தது. அசோகன் வண்டியை வரப்பு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, இறங்காமலே கத்தினான்.

"சட்டி கூடை எல்லாம் அப்பிடியே போட்டுட்டு ஓடுங்க! ரெண்டாவது டேங்கும் புடிச்சிக்கிச்சாம். எம் பொண்ணு இஸ்கூல்ல இருக்குது, நான் போறேன்!"

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பெண்கள் எழுந்து புடவையை இழுத்துச் செருகினார்கள். எல்லார் கண்ணும் புகையிலேயே இருந்தது. மேரிசெல்வி மட்டும் திரும்பிப் பார்த்தாள். "மாரிக்கா எங்க?"

மாரியம்மாள் வாய்க்கால் கரையில் நின்றிருந்தாள். கடல் ஏறும்போது உப்பளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் அது. ஏழெட்டு அடி அகலம். கம்பெனி மதிலை ஒட்டி வந்து, இந்தப் பாத்திகளைத் தாண்டி, காலனி வீடுகளின் பின்சுவரை உரசிக்கொண்டு போகும். தண்ணீர் மேல் ஒரு தோல் படர்ந்து வருவதை அவள் பார்த்தாள். முதலில் பளபளப்பாக, அதற்குப் பின்னால் பழுப்பாக, அதற்கும் பின்னால் கறுப்பாக. வாடை மூக்கைப் பிடித்தது. தூரத்தில், கம்பெனிச் சாக்கடை வாய்க்காலில் விழும் இடத்தில், தண்ணீரே எரிந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, இங்க வா. கடலு எப்ப ஏறும்?"

சவரியம்மாள் வெயிலைப் பார்த்தாள், வாய்க்கால் ஓரத்து ஈரக் கோட்டைப் பார்த்தாள். கடிகாரம் இல்லாமலே நேரம் சொல்லுகிறவள். "இன்னும் முக்கா மணி நேரம். பத்து பத்தரைக்கு ஏற ஆரம்பிக்கும்."

"ஏறினா?"

சவரியம்மாள் காலனிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏறினால் எண்ணெய் முழுக்க உள்ளே வரும். எண்ணெயின் முதுகில் தீயும் வரும். காலனியில் நூற்று நாற்பது வீடு. பின்சுவரை ஒட்டித்தான் எல்லாருடைய விறகும் கீற்றும் கேஸ் சிலிண்டரும் கிடக்கின்றன.

வாய்க்கால் கரையோடு ஒருவன் ஓடிவந்தான். தலையில் வெள்ளை ஹெல்மெட், உடம்பெல்லாம் நனைந்து, முகம் கரியாகியிருந்தது. கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் திருமுருகன். முப்பது வயதுகூட இருக்காது.

"அக்கா! மதகு எங்க இருக்கு? மதக மூடுங்கக்கா, சீக்கிரம்!"

மதகைக் காட்டினார்கள். இரும்புப் பலகை துருவேறி, இரண்டு மழைக்காலமாகப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. முதலாளி காசிலிங்கத்திடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மதகு. திருமுருகனும் மூன்று பெண்களும் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"மணல் மூட்டைக்குச் சொல்லியிருக்கேன். லாரி வந்துரும்" என்றான் அவன். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"எப்ப சார் வரும்?" என்று மாரியம்மாள் கேட்டாள்.

"ஒரு மணி நேரத்துல."

"அதுக்குள்ள ஊரு இருக்காது. மணலு எண்ணெய நிறுத்தவும் நிறுத்தாது, கசிஞ்சிடும். களி வேணும் சார். மிதிச்ச களி."

"அது எங்கக்கா இருக்கு?"

மாரியம்மாள் திரும்பி நாலு பாத்தியைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைச் சவரியம்மாளும் பார்த்தாள்.

"அடியே, நாளன்னிக்கு வாரணும்டி."

"வூடு இருந்தாத்தானே முதல் உப்ப எடுத்துனு போவ?"

"மொதலாளி இன்னா சொல்லுவாரு தெரியுமா? பாத்திய வெட்டின செட்ட எவன்கா திரும்ப ஏத்திப்பான்?" என்றாள் மேரிசெல்வி. சரியான கேள்விதான். பாத்தியைக் கெடுத்த செட்டுக்கு அந்த வருசம் உப்பளத்தில் இடம் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

"நான் சொல்லி வெட்டினீங்க. யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்க" என்று மாரியம்மாள் மண்வெட்டியை எடுத்தாள்.

முதல் வெட்டை அவள்தான் போட்டாள். வரப்பு உடைந்து, முக்கால்வாசி உப்பாகியிருந்த தண்ணீர் பக்கத்துப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. அடியில் வெள்ளைப் பொடி தூவின மாதிரிப் பாத்தி தெரிந்தது. அந்த வெள்ளையின் மேல் மண்வெட்டியைப் போட அவளுக்குக் கை வரவில்லை. கண்ணை ஒரு தரம் இறுக்கி மூடிக்கொண்டு போட்டாள். கருநீலக் களி கட்டியாகப் பெயர்ந்து வந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல். "பாத்தியா சார், இதுதான்" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதைக் காட்ட வேண்டியிருந்தது.

மேரிசெல்வியும் இரண்டு பேரும் வெட்டினார்கள். மற்றவர்கள் சட்டியில் சுமந்தார்கள். பக்கத்து வரிசையில் ஓடிப்போகப் புறப்பட்ட மூன்று ஆண்கள், இவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கூடையை வாங்கிக்கொண்டார்கள். திருமுருகன் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுமந்தான். இரண்டு தரம் வழுக்கி விழுந்தான். மூன்றாவது தரம் சவரியம்மாள், "வெரல மடக்கி ஊணு சார், கட்டாந்தரையிலயா நடக்கற?" என்று அதட்டினாள்.

வாய்க்காலுக்குக் குறுக்கே களி விழ விழ, மாரியம்மாளும் சேர்ந்து ஆறு பேர் தோளில் தோள் கோத்து அதன் மேல் ஏறினார்கள். பாத்தி மிதிக்கும்போது எப்படி நிற்பார்களோ அப்படி. ஒரே கால் எழும்பி ஒரே கால் விழ வேண்டும். தனித்தனியாக மிதித்தால் களி ஒருபக்கம் பிதுங்கிக்கொண்டு போகும். சவரியம்மாள் கரையோரம் நின்று குரல் கொடுத்தாள்.

"அந்தோணியாரே..."

"மாரியாத்தா!" என்று ஆறு குதிகால் ஒன்றாக இறங்கியது.

"அந்தோணியாரே..."

"மாரியாத்தா!"

எந்தக் காலத்திலோ யாரோ ஆரம்பித்த கணக்கு அது. கோயில்காரர்களும் சர்ச்சுக்காரர்களும் ஒரே பாத்தியில் இறங்க, யார் சாமியை முன்னால் சொல்வது என்று சண்டை வந்து, இப்படித் தீர்த்துக்கொண்டார்களாம்.

எண்ணெய் வந்து முழங்காலில் மோதியது. கறுப்பாக, வழவழவென்று, சூடாக. கடல் ஏற ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் ஒரு ஜாண் உயர்ந்தால் கரை ஒன்றரை ஜாண் உயர வேண்டியிருந்தது. புகை காற்றோடு இறங்கி மூச்சை அடைத்தது. முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மிதித்தார்கள். வாய்க்காலில் தீ ஊர்ந்து வருவது தெரிந்தது. நூறு அடி. எண்பது அடி. தலைமயிர் பொசுங்கும் வாடை வந்தது. யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"போதும்கா, எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று திருமுருகன் கத்தினான்.

"இன்னும் பத்து மிதி" என்றாள் மாரியம்மாள். பத்து மிதித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

கரை நின்றது. எண்ணெய் அதன் மேல் வந்து சாய்ந்து, தேங்கி, பின்னால் தள்ளியது. இந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. தீ முப்பது அடி தூரத்தில் நின்று எரிந்துகொண்டிருக்கும்போது தீயணைப்பு வண்டி கரையோரம் வந்து நுரையை அடித்தது. உச்சி வெயிலுக்கெல்லாம் வாய்க்காலில் தீ அடங்கிவிட்டது. டேங்க் மட்டும் மறுநாள் வரை எரிந்தது.

பதினோரு பெண்களும் ரோட்டோரப் பாலத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இடுப்பு வரைக்கும் கறுப்பு. யாரோ தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்தார்கள். திருமுருகன் வந்து எதிரில் நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். "உங்களாலதான்கா இந்த ஊரு இருக்கு. நான் மறக்க மாட்டேன்" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

பாண்டிச்சேரித் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் ஜெயப்ரியா போன் செய்தாள். "அம்மா, டீவில காட்றாங்கம்மா, பொகையா இருக்குது! நீ எங்க இருக்கற?"

"இங்கதான் இருக்கறேன். உங்கம்மா ஒரு கரை கட்டியிருக்கறாடி. வந்து பாரு" என்றாள் மாரியம்மாள்.

மறுநாள் காசிலிங்கம் காரில் வந்து இறங்கினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பாத்தியையும் சுற்றிப் பார்த்தார். பாத்தி என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வெட்டின குழியும் உடைந்த வரப்பும்தான் இருந்தன. அசோகன் இரண்டடி பின்னால் நின்றான்.

"யாரக் கேட்டு வெட்டின?"

"கேக்க யாரும் இல்லிங்க. நீங்களும் இல்ல, மேஸ்திரியும் இல்ல" என்றாள் மாரியம்மாள்.

"ஊரக் காப்பாத்தினேன்னு சொல்லுவ. சரி. கம்பெனி எண்ணெ வெளிய வந்திச்சி, அத நிறுத்தத்தான் வெட்டினாங்கன்னு கம்பெனிக்காரன எழுதிக் குடுக்கச் சொல்லு. அத வச்சி நான் பாத்தியத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லிக் கேப்பேன், நீயே வந்து மிதி. லெட்டர் வர்ற வரைக்கும் உன் செட்டு உப்பளத்துல எறங்க வேணாம்."

"ஒரு லெட்டர் தானுங்களே, வாங்கியாறேன்" என்றாள். கும்பிட்டவன் எழுதிக் கொடுக்கமாட்டானா என்ன?

அவ்வளவு சுலபமாக அது முடியவில்லை. கம்பெனி கேட்டுக்கு இரண்டு தரம் போனாள். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். மூன்றாவது தரம் மேரிசெல்வியையும் கூட்டிக்கொண்டு போய், காலையிலிருந்து கேட் எதிரில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மணிக்குத் திருமுருகனே வெளியே வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். கையில் தீக்காயத்துக்குக் கட்டு.

"சொல்லுங்கம்மா" என்றான்.

அன்றைக்கு அக்கா என்று கூப்பிட்டவன். மாரியம்மாளுக்கு உடனே ஏதோ புரிந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"எண்ணெ எதுவும் வெளிய வரலம்மா. ரிப்போர்ட்ல அப்பிடித்தான் போயிருக்கு" என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் கரை கம்பெனியோட பாதுகாப்புக் கரைன்னு எழுதியிருக்காங்க."

"யாரு எழுதினது சார்?"

அவன் கைக்கட்டின் முனையைத் திருகினான்.

"வா சார், ஒரு நிமிசம். தூரமில்ல."

அவள் முன்னால் நடந்தாள். ஏன் பின்னாலேயே போனான் என்று அவனுக்கே தெரியாது. கரை வெயிலில் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. தேங்கியிருந்த எண்ணெயை வண்டியில் உறிஞ்சிக்கொண்டு போயிருந்தார்கள். கரையின் மேல்பக்கம் முழுக்கக் கால் தடம். ஆறு பேர் தடம், ஒன்றின் மேல் ஒன்றாக. கடைசிப் பத்து மிதி மட்டும் தனியாக, ஆழமாகத் தெரிந்தது. மாரியம்மாள் புடவையைக் கொஞ்சம் தூக்கி, இடது காலை ஒரு தடத்துக்குள் வைத்தாள். நாலு விரலும் நாலு குழியில் போய் உட்கார்ந்தன. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் தடத்திலும் ஒன்றுமில்லை.

"உங்க கம்பெனில யாருக்கு சார் இந்தக் காலு இருக்குது?"

மேரிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருமுருகன் அந்தக் காலையே பார்த்தான். பிறகு சொன்னான்: "நான் பாத்தேன்கா. எனக்குத் தெரியாதா? நான் எழுதினத மேல மாத்திட்டாங்க. எண்ணெ வெளிய வந்துச்சின்னு ஒத்துக்கிட்டா கம்பெனிய மூடிருவாங்களாம். என்னால ஒண்ணும் பண்ண முடியலக்கா."

அக்கா என்று திரும்ப வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? "சரி சார், நீ போ. வெயிலா இருக்குது" என்றாள்.

செட்டு கலைந்தது. மேரிசெல்வி இறால் கம்பெனிக்குத் தலை கிள்ளப் போனாள். சவரியம்மாள் சவுக்கு வெட்டும் இடத்தில் பட்டை உரிக்கப் போனாள். மாரியம்மாள் நூறு நாள் வேலையில் பேர் கொடுத்தாள். ஏரிக்கரையில் மண் வெட்டும்போது அவளோடு வந்த பெண்கள், "கரை கட்டறதுல நீதான் எஞ்சினியராமே" என்று கேலி செய்தார்கள். கேலிதான். ஆனால் கடினமான மூலையை அவளிடம்தான் விட்டார்கள். டீக்கடையில் அவள் போனால் பெஞ்சில் இடம் விட்டார்கள். கோயிலில் பூசாரி பேர் சொல்லித் தீபாராதனை காட்டினார். அந்தோணியார் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பதினோரு பெண்களின் பெயரையும் வாசித்தாராம். சவரியம்மாள் வந்து அதை மூன்று தரம் சொன்னாள். தன் பேர் முதலில் வந்தது என்பதை ஐந்து தரம் சொன்னாள்.

பங்குனி முதல் வாரத்தில் மற்ற செட்டுகள் முதல் உப்பு வாரின. அன்றைக்குச் சாயங்காலம் மாரியம்மாள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வடக்கு வரிசைச் செட்டில் வேலை செய்யும் பொன்னம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பானைய எடு மாரி."

"இது உன் வூட்டுக்குப் போவணும்டி. முதல் உப்பு."

"எங்க வூடு நின்னுக்கினு இருக்குதே, அது போதும்."

அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் நின்றார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி. சிலர் பாதிக் கைப்பிடி. பானை நிறைந்து, பக்கத்தில் வைத்த குண்டானும் நிறைந்தது. வந்தவர்களைப் பார்த்து மாரியம்மாள் என்ன சொல்வது என்று தெரியாமல், "யாரு மிதிச்ச பாத்திடி இது, மண்ணு ஏறிக்குது" என்று ஒரு உப்பைத் தூக்கிக் காட்டித் திட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த உப்பைப் பதினோரு பங்காகப் பிரித்து, மறுநாள் காலையில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த மாசக் கடைசியில் கம்பெனி வேலியை நகர்த்தியது. பழைய மதிலிலிருந்து முன்னால் வந்து, வாய்க்காலைத் தாண்டி, கரைக்கு இந்தப் பக்கம் இரும்புக் கம்பி வலை போட்டார்கள். உப்பளத்துக்குத் தண்ணீர் போக வேறு பக்கமாக வாய்க்கால் தோண்டிக் கொடுத்தார்கள். கரை இப்போது கம்பெனிக்குள் இருந்தது. வேலியில் ஒரு போர்டு மாட்டினார்கள். அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது என்றும், பாதுகாப்புக் கரை என்றும் அதில் எழுதியிருந்தது.

வேலி போட்ட மூன்றாம் நாள், மாரியம்மாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரி வேலைக்குப் போகும் வழியில் அங்கே நின்றாள். காலனியைச் சேர்ந்த கொத்தனார் வேல்முருகன் கரையின் மேல் உட்கார்ந்து சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தான்.

"இன்னா வேலு, களி மேல சிமெண்டு பூசற? ஒரு வெயிலுக்கு வெடிச்சிடுமே."

"சொன்னேன்கா. பூசுன்னு சொல்லிட்டாங்க. மெட்ராஸ்லருந்து ஆபீசருங்க பாக்க வர்றாங்களாம். பளிச்சுனு இருக்கணுமாம்."

முக்கால்வாசிக் கரை ஏற்கனவே சாம்பல் நிறமாகியிருந்தது. தடங்கள் எல்லாம் அடியில் போய்விட்டன. வேலியை ஒட்டின இந்த முனையில் மட்டும் இரண்டு முழம் களி பாக்கி இருந்தது. மாரியம்மாளின் கண் தடத்தைத் தேடவில்லை. கரையின் அடியில், ஒரு மூலையில், உறிஞ்சியது போக மிஞ்சிய எண்ணெய்த் தண்ணீர் கறுப்பாக மினுமினுத்தது.

"வேலு, அந்த மூலைய பாரு. கசியுது."

அவன் குனிந்து பார்த்தான். "ஆமாம்கா. வேலிக் கம்பத்துக்குக் குழி எடுத்தாங்க இல்ல, அதுல களி எளகிப்போச்சி."

"அப்பிடியே பூசினியானா உள்ள அரிச்சிக்கினு போயி ஒரு மழைக்கு ஒடச்சிடும். நாலு மிதி மிதிச்சிட்டுப் பூசு."

"எனக்கு எங்கக்கா அந்தக் காலு? நீயே வந்து மிதிச்சிக் குடேன்."

"உள்ள வர பாஸ் வேணும்னு எழுதிக்குதே."

வேல்முருகன் போர்டைப் பார்த்தான். கேட்டுப் பக்கம் பார்த்தான்.

மாரியம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். சரிவான இடம் அது. கம்பி வலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளி இருந்தது. வெளியிலேயே தரையில் உட்கார்ந்து, வேலிக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடது காலைக் கம்பிக்கு அடியில் நுழைத்தாள். முழங்கால் வரைக்கும் போயிற்று. ஈரக் களி குதிகாலுக்குத் தட்டுப்பட்டது.

"கொஞ்சம் புதுக் களி எடுத்து அதுல போடு. போதும், போதும்."

அவள் மிதித்தாள். உதடு மட்டும் அசைந்தது. அந்தோணியாரே, மாரியாத்தா. அந்தோணியாரே, மாரியாத்தா. கசிவு சுருங்கி, ஒரு கோடாகி, நின்றுபோயிற்று. அவள் இன்னும் பத்து மிதி மிதித்தாள். கடைசி மிதியில் காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டாள்.

வேல்முருகன் கரண்டி நிறையச் சிமெண்டைக் கையில் ஏந்திக்கொண்டு, அவள் காலை எடுப்பதற்காகக் காத்திருந்தான்.